பழைய குரலிசையைக் கணினியில் எழுதுதல்: ஐரோப்பியச் சுவடியிலிருந்து இன்றைய ஸ்கோர் வரை

ஐரோப்பாவில் 9ஆம் நூற்றாண்டு முதல் 1600 வரை எழுதப்பட்ட குரலிசையின் பெரும்பகுதி, இன்றைய பாடகர் நேரடியாகப் படிக்க முடியாத குறியீடுகளில் இருக்கிறது. அதை இன்றைய ஐந்து கோட்டு ஸ்டாஃபுக்குப் பெயர்த்தெழுதும் பணி 19ஆம் நூற்றாண்டில் பெரிய பதிப்பகங்களின் கையில் இருந்தது. பாலஸ்திரீனாவின் முழுத்தொகுப்பை லைப்சிக் நகரத்து பிரைட்கோப்ஃப் உண்ட் ஹெர்ட்டல் நிறுவனம் 1862 முதல் 1907 வரை வெளியிட்டது. இன்று சுவடிகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இசைக்குறிப்பு மென்பொருள்களில் சில இலவசம். ஒரு கொயர் நடத்துநரோ இசை மாணவரோ தமக்கு வேண்டிய பாடலைத் தாமே பதிப்பித்துக்கொள்ள முடிகிறது.

மென்பொருளின் விசைகளைப் பழகுவது இந்தப் பணியின் எளிய பகுதி. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய எழுத்தர் பாடகரின் பயிற்சியை நம்பிப் பலவற்றை எழுதாமல் விட்டார். மென்பொருளோ ஒவ்வொரு சுரத்துக்கும் திட்டமான கால அளவும் உயரமும் அசையும் கேட்கிறது. விடுபட்ட இந்த விடைகளை எழுதுபவர்தான் தர வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய குரலிசையைக் கணினியில் எழுதக் கற்பது என்பது பதிப்பாசிரியராகக் கற்பதே.

மூலங்கள் எத்தகையவை

மூலங்கள் இரு வகைப்படும். முதல் வகை கிரிகோரியன் சான்ட் எனப்படும் ஒற்றைக்குரல் வழிபாட்டுப் பாடல். 9, 10ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் பாடல் வரிகளுக்கு மேலே நியூம் என்னும் குறிகள் வருகின்றன. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்துச் சுவடிகள் இதற்குப் புகழ்பெற்றவை. இக்குறிகள் மெட்டு ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும். எந்தச் சுரம் என்று திட்டமாகச் சொல்லா. மெட்டை முன்பே அறிந்தவருக்கு அவை நினைவூட்டல். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரெஸ்ஸோ நகரத்து குயிதோ, கோடுகளின் மீது சுரங்களை எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார். அதன்பின் சுர உயரம் உறுதிப்பட்டது. நான்கு கோடுகளில் சதுரக் குறிகளாக எழுதும் வழக்கம் இதிலிருந்து வளர்ந்தது.

இரண்டாம் வகை, கால அளவையும் காட்டும் மென்சுரல் குறியீடு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொலோன் நகரத்து ஃபிராங்கோ, குறியின் வடிவத்தைக் கொண்டே அதன் கால அளவை அறியும் முறையை வகுத்தார். 1320ஐ ஒட்டி, ஃபிலிப் தெ வித்ரியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஆர்ஸ் நோவா' கோட்பாடு, மும்மைப் பகுப்புக்கு இணையான இடத்தை இருமைப் பகுப்புக்கும் தந்தது. லோங்கா, பிரெவிஸ், செமிபிரெவிஸ், மினிமா என்பவை முதன்மையான அளவுகள். செமிமினிமா, ஃபூசா ஆகியவை அவற்றினும் சிறியவை. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மை நிரப்பிய கருங்குறிகளின் இடத்தை உள்ளீடற்ற வெண்குறிகள் பிடித்தன. ஒத்தாவியானோ பெத்ருச்சி 1501இல் வெனிசில் 'ஓதெகாத்தோன்' என்ற பல்குரல் இசைத்தொகுப்பை அச்சிட்டபோது பயன்பட்டது இந்த வெண்குறி முறைதான்.

இச்சுவடிகளிலும் அச்சுநூல்களிலும் குரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஸ்கோர் பொதுவாகக் கிடையாது. பெரிய பாட்டுக்குழுச் சுவடிகளில், விரித்த இரு பக்கங்களில் நான்கு குரல்களும் தனித்தனிக் கட்டங்களாக இருக்கும். பின்னாளில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தனிநூல் என்ற முறை பரவியது. பார் கோடுகளும் இல்லை. டெனர் பாடுபவர் தன் வரியை மட்டும் பார்த்தார்; மற்றவர்களைக் காதால் அறிந்தார்.

மென்பொருள்கள் எத்தகையவை

1988இல் வந்த ஃபினாலே, 1993இல் வந்த சிபேலியஸ், அவற்றுக்குப் பின் வந்த மியூஸ்ஸ்கோர், 2016இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட டோரிக்கோ ஆகியவற்றில் ஸ்கோரைத் திரையில் பார்த்துக்கொண்டே எழுதலாம். இவற்றுள் மியூஸ்ஸ்கோர் இலவசம். இவ்வகை மென்பொருள்கள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டு இசையின் வழக்கத்தை இயல்பாகக் கொண்டவை. தாளக்குறி கொடுத்தவுடன் பார்கள் உருவாகும். பாரைத் தாண்டி நீளும் சுரம் இரண்டாக உடைந்து, டை என்னும் வளைகோட்டால் இணைக்கப்படும். ஒரு ஷார்ப் அந்த பார் முடியும்வரை செல்லும். பழைய இசைக்கு இம்மூன்றும் பொருந்தா. எழுதுபவர் இவற்றை ஒவ்வொன்றாக மாற்றியமைக்க வேண்டும்.

லிலிபாண்ட் வேறு வகையைச் சேர்ந்தது. நெதர்லாந்தின் ஹான்-வென் நியென்ஹெய்ஸ், யான் நியூவென்ஹெய்சன் இருவரும் 1996இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருளில் இசையை எழுத்துகளாலும் கட்டளைகளாலும் உள்ளிட வேண்டும். மென்பொருள் அதை அச்சுக்கு ஏற்ற பக்கமாக்கித் தரும். கற்கச் சற்று நாள் பிடிக்கும். ஆனால் பழங்குறியீட்டுக்கு அது தரும் வசதி மிகுதி: பெத்ருச்சி பாணி கிளெஃப்கள், மென்சுரல் குறிகள், பல சுரங்களைப் பிணைத்தெழுதும் லிகச்சர்கள், சதுர நியூம்கள், வரி முடிவில் அடுத்த சுரத்தை முன்கூட்டிக் காட்டும் கஸ்டோஸ் குறி எல்லாம் அதில் உண்டு.

சான்ட் இசைக்கென்றே உருவானது கிரிகோரியோ. பாடலின் அசையை எழுதி, அதையடுத்து அடைப்புக்குறிக்குள் சுரங்களின் இடத்தைச் சுட்டும் எழுத்துகளை இட்டால், நான்கு கோட்டுச் சதுரக்குறிப்பு உருவாகும். அடுத்தடுத்த எழுத்துகளிலிருந்து பொதாதுஸ், கிளிவிஸ், தொர்குலுஸ் முதலிய கூட்டுநியூம்களை அதுவே அமைத்துக்கொள்கிறது. ஆய்வாளர்களுக்கு எம்.இ.ஐ. என்னும் குறிமொழி இருக்கிறது. மென்சுரல் குறியீட்டுக்கும் நியூம்களுக்கும் தனிப்பிரிவுகள் கொண்ட இக்குறிமொழியில் எழுதியதை வெரோவியோ என்ற நிரல் திரையில் வரைந்து காட்டுகிறது.

கிளெஃபும் கால அளவும்

பெயர்த்தெழுதும் வேலை ஒரு குரலைத் தனியாகப் படிப்பதில் தொடங்குகிறது. பழைய மூலங்களில் 'சி' கிளெஃப் எந்தக் கோட்டிலும் அமரலாம். சொப்ரானோவுக்கு முதற்கோடு, ஆல்டோவுக்கு மூன்றாம் கோடு, டெனருக்கு நான்காம் கோடு, பாஸுக்கு நான்காம் கோட்டில் 'எஃப்' கிளெஃப் என்பது பரவலான அமைப்பு. மூலத்தின் கிளெஃபையே மென்பொருளில் வைத்து எழுதி, வேலை முடிந்தபின் இன்றைய கிளெஃபுக்கு மாற்றுவதே பாதுகாப்பான வழி. கண்ணால் காணும் இடத்திலேயே சுரத்தை வைக்க முடிவதால், பெயர்க்கும்போது நேரும் பிழை குறையும். கிளெஃப் மாற்றத்தில் சுரங்களை இடம் நகர்த்தும் கணக்கை மென்பொருள் தவறின்றிச் செய்துவிடும்.

கால அளவுதான் இத்துறையின் நடுநாயகமான சிக்கல். இன்றைய குறியீட்டில் ஒரு செமிபிரீவ் எப்போதும் இரண்டு மினிம். மென்சுரல் குறியீட்டில் அப்படி இல்லை. தொடக்கத்தில் மென்சுரேஷன் குறியாக முழுவட்டம் இருந்தால் ஒரு பிரெவிஸ் மூன்று செமிபிரெவிஸாகப் பிரியும்; அரைவட்டம் இருந்தால் இரண்டாகப் பிரியும். வட்டத்தின் நடுவே புள்ளி இருந்தால் செமிபிரெவிஸும் மூன்று மினிமாவாகப் பிரியும். மும்மைக் கணக்கில் ஒரே வடிவம் சூழலுக்கேற்ப அளவு மாறும். பிரெவிஸை அடுத்து இன்னொரு பிரெவிஸ் வந்தால் முதலாவது நிறையளவாக மூன்று பெறும். பிரெவிஸை அடுத்து ஒரே ஒரு செமிபிரெவிஸ் வந்தால் அந்தப் பிரெவிஸ் குறைந்து இரண்டாகும். இரண்டு பிரெவிஸ்களுக்கு நடுவே இரண்டு செமிபிரெவிஸ்கள் மட்டும் நின்றால், முன்னது ஒன்றும் பின்னது இரண்டுமாக ஒலிக்கும். புள்ளி சில இடங்களில் சுரத்தை நீட்டும். சில இடங்களில் குழுக்களைப் பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடும். வெண்குறிகளுக்கு நடுவே கருமையாக்கப்பட்ட குறிகள் வந்தால், மூன்றில் ஒரு பங்கை இழக்கும்.

இவற்றோடு லிகச்சர்களும் சேரும். பல சுரங்களை ஒரே உருவாகப் பிணைத்தெழுதும் இக்கூட்டுக்குறிகளில், உரு ஏறுகிறதா இறங்குகிறதா, இடப்புறம் காம்பு உண்டா, அது மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பவற்றைக் கொண்டு அளவை அறிய வேண்டும். இடப்புறக் காம்பு மேல்நோக்கினால் முதலிரு சுரங்களும் செமிபிரெவிஸ். காம்பில்லாமல் இறங்கும் லிகச்சரில் முதற்சுரம் லோங்கா, ஏறுவதில் பிரெவிஸ்.

இந்த விதிகளை அறியும் பொறுப்பு எழுதுபவருடையது. வழக்கமான ஸ்கோர் மென்பொருள்களுக்கு அவை தெரியா. எனவே மூலத்தின் அச்சுப்படியில் ஒவ்வொரு குறிக்கும் கால அளவைப் பென்சிலால் குறித்தபின் தட்டச்சைத் தொடங்குவதே சிக்கனமான முறை. இடைநிறுத்தக் குறிகள் இங்கே உதவுகின்றன. சுரங்களைப் போல அவை சூழலால் கூடுவதும் குறைவதும் இல்லை என்பதால், கணக்கைச் சரிபார்க்க நிலையான அளவுகோலாக நிற்கின்றன.

அளவுக் குறுக்கமும் பார் கோடும்

16ஆம் நூற்றாண்டில் கை இறங்கி ஏறும் தாளத் தட்டு பொதுவாக ஒரு செமிபிரெவிஸுக்கு ஒன்று. அந்த அளவுகளை அப்படியே எழுதினால் பக்கம் வெள்ளை வட்டங்களால் நிறைந்து, இன்றைய பாடகருக்கு மந்தகதி என்ற மயக்கம் தரும். அதனால் பல பதிப்புகள் அளவைப் பாதியாகவோ காலாகவோ குறுக்குகின்றன. 13ஆம் நூற்றாண்டு இசைக்கு இன்னும் பெரிய குறுக்கம் தேவைப்படும். மூல அளவைக் காப்பவரும் உண்டு. எந்த முறையைத் தேர்ந்தாலும் முதல் பக்கத்தில் அதைச் சொல்ல வேண்டும். இதற்கான வழி இன்சிபிட்: ஒவ்வொரு குரலின் ஸ்டாஃபுக்கு முன்னும் மூலத்தின் கிளெஃப், மென்சுரேஷன் குறி, முதற்சுரம் ஆகியவற்றைச் சிறிய துண்டாகக் காட்டுவது. லிலிபாண்டில் இதற்கென்றே ஒரு கட்டளை உள்ளது. மற்ற சில மென்பொருள்களில், முதலில் ஒரு கூடுதல் பாரை வைத்து அதைப் பிரித்துக் காட்டி இதே தோற்றத்தைப் பெறலாம்.

பார் கோடு இடுவது பாடும் முறையையே மாற்றக்கூடியது. பல்குரல் இசையில் ஒவ்வொரு குரலின் அழுத்தமும் அதன் சொல்லின் அழுத்தத்தைத் தொடர்ந்து வெவ்வேறு இடத்தில் விழும். ஸ்டாஃபின் குறுக்கே பார் கோடு இட்டால், ஒவ்வொரு பாரின் முதல் மாத்திரையையும் பாடகர் தம்மையறியாமல் அழுத்துவார். 1920களில் ஜெர்மன் இசையியலாளர் ஹைன்ரிஷ் பெசலர் முன்வைத்த மென்சுர்ஸ்ட்ரிஷ் இதற்கொரு சமரசம். கோடு ஸ்டாஃபுகளுக்கு இடையிலுள்ள வெளியில் மட்டும் வரும், ஸ்டாஃபைத் தொடாது. சுரம் உடையாமல் முழுதாக நிற்கும். ஒத்திகைக்குத் தேவையான அடையாளமும் கிடைக்கும். மியூஸ்ஸ்கோரிலும் லிலிபாண்டிலும் இந்த அமைப்பு உண்டு. ஆனால் கோட்டைத் தாண்டும் சுரத்தை உடையாமல் காட்ட, பார் அடிப்படையிலான மென்பொருள்களில் கூடுதல் வேலை செய்ய வேண்டும். லிலிபாண்டில் எழுதிய சுரம் எழுதியபடியே இருக்கும். உடைத்துக் காட்ட வேண்டுமானால்தான் தனிக்கட்டளை.

எழுதப்படாத ஷார்ப்பும் ஃபிளாட்டும்

சில இடங்களில் சுரத்தை அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ பாடவேண்டும் என்பதைப் பாடகர் விதியால் அறிவார் என்று எழுத்தர் குறியிடாமல் விட்டார். முடிவு அடைவில் இறுதிச்சுரத்தை நெருங்கும் சுரம் உயர்வதும், பொருந்தாத நான்காம் ஐந்தாம் இடைவெளிகள் திருத்தப்படுவதும் இத்தகையவை. இதை மியூசிகா ஃபிக்டா என்பர். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாத எழுத்து மெய்யா உயிர்மெய்யா என்று பதிப்பாசிரியர் முடிவுசெய்வதற்கு ஒப்பானது இது. படித்தறிந்தவருக்கு ஐயமில்லாத இடங்களே மிகுதி என்றாலும், இருவகையாகவும் கொள்ளத்தக்க இடங்கள் எப்போதும் சில எஞ்சும்.

பதிப்பு மரபு இங்கே தெளிவானது. மூலத்தில் உள்ள குறி சுரத்துக்கு இடப்புறம் ஸ்டாஃபில் வரும். பதிப்பாசிரியர் சேர்த்தது சுரத்துக்கு மேலே சிறிய எழுத்தில் வரும். லிலிபாண்டில் ஒரு பண்பை மாற்றினால் குறி மேலே ஏறிவிடும். ஒலித்துக் காட்டும்போதும் மாறிய சுரமே கேட்கும். திரையில் எழுதும் சில மென்பொருள்களில் மேலே வைக்கும் குறி வெறும் வடிவமாகவே நிற்பதால், ஒலி மாறாமல் போகலாம். கேட்டுச் சரிபார்ப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். பழைய எழுத்தில் ஒரு ஃபிளாட் பெரும்பாலும் அதை ஒட்டிய சுரத்துக்கே உரியது. பார் முடியும்வரை அதை நீட்டிக்கும் இன்றைய விதியை மென்பொருள் தானே புகுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்லும் சுரமும்

குரலிசையில் எந்த அசை எந்தச் சுரத்துக்கு என்பது தலையாய கேள்வி. பல சுவடிகளில் பாடல் வரி தோராயமாகச் சுரங்களின் கீழே கிடக்கும். முதற்சொல் மட்டும் எழுதி விடப்பட்ட குரல்களும் உண்டு. வரி திரும்ப வரும் இடத்தில் முழுச்சொற்களுக்குப் பதில் ஒரு சுருக்கக்குறி இருக்கும். ஜோசெஃப்போ சார்லினோ 1558இல் வெனிசில் வெளியிட்ட நூலில் இதற்குப் பத்து விதிகள் வகுத்தார். ஒரு லிகச்சருக்கு ஓர் அசைதான், செமிமினிமா போன்ற சிறு சுரங்களுக்குப் பொதுவாகத் தனி அசை வேண்டாம், கடைசி அசை கடைசிச் சுரத்தில் விழவேண்டும் என்பவை அவற்றுள் பயன் மிகுந்தவை. லத்தீன் சொற்களை அசை பிரிக்கும் முறையையும் அழுத்தம் விழும் இடத்தையும் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும்.

மென்பொருளில் அசைக்குப்பின் இணைப்புக்கோடு இட்டால் சொல் தொடர்வதாகவும், அடிக்கோடு இட்டால் அதே அசை நீள்வதாகவும் கொள்ளும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் பிழை. பதிப்பாசிரியர் சேர்த்த சொற்களைச் சாய்வெழுத்திலோ சதுர அடைப்பிலோ காட்டுவது மரபு. லிகச்சர் இருந்த இடத்தைச் சுரங்களுக்கு மேல் முழு அடைப்புக்கோட்டாலும், கருமையாக்கிய இடத்தை உடைந்த அடைப்புக்கோட்டாலும் குறிப்பர். இவை இருந்தால், ஸ்கோரைப் பார்ப்பவர் மூலத்தின் தோற்றத்தை ஓரளவு மீட்டுக்கொள்ள முடியும்.

சுர உயரம்

அக்காலத்தில் பொதுவான நிலைச்சுருதி இல்லை. எழுதிய உயரம், பாடும் உயரத்தை அறுதியிடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சொப்ரானோவுக்கு 'ஜி' கிளெஃப் வரும் உயர்கிளெஃப் அமைப்பு ஒன்றும் வழங்கியது. கியாவெத்தே எனப்படும் இவ்வமைப்பில் எழுதிய பாடல்களை நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளி தாழ்த்திப் பாடினர் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மென்பொருளில் முழுப்பாடலையும் சுருதி மாற்றுவது ஒரு நொடி வேலை. அதைச் செய்யும் பதிப்பு, எவ்வளவு மாற்றியது என்பதையும் ஒவ்வொரு குரலின் எல்லையையும் காட்டினால் போதும். தொடக்கத்தில் ஆம்பிட்டஸ் குறியாகக் குரலின் உச்சத்தையும் தாழ்வையும் தானே கணக்கிட்டுக் காட்டும் வசதி லிலிபாண்டிலும் மியூஸ்ஸ்கோரிலும் உண்டு.

இரண்டு சான்றுகள்

ஜோஸ்கன் தெ பிரேயின் நான்குகுரல் 'ஆவே மரியா ... வீர்கோ செரேனா', பெத்ருச்சி 1502இல் அச்சிட்ட 'மொத்தெத்தி ஏ' தொகுப்பின் முதற்பாடல். பெரும்பகுதி இருமைக் கணக்கில் செல்வதால் கால அளவு எளிது. குரல்கள் ஒன்றை ஒன்று பின்பற்றி நுழையும் தொடக்கத்தில் பொருத்தமும் தெளிவாகத் தெரியும். பின்னர் வரும் சிறிய மும்மைப் பகுதி எழுதுபவரைச் சோதிக்கும். மேற்குரலின் மெட்டை டெனர் ஐந்தாம் இடைவெளி தாழ்த்தி, மிகச் சிறிய இடைவெளியில் பின்தொடர்கிறது. இரு குரல்களின் அழுத்தமும் ஒரே இடத்தில் விழாது. வழக்கமான பார் கோடு மேற்குரலுக்கு ஒத்துவந்து டெனரின் சொல்லை வெட்டும். மென்சுர்ஸ்ட்ரிஷ் எதற்காக என்பது இவ்விடத்தில் விளங்கும். முன்பகுதியின் எந்த அளவு இப்பகுதியின் எந்த அளவுக்குச் சமம் என்பதையும் பதிப்பாசிரியர் மேலே குறித்தாக வேண்டும்.

யொகனஸ் ஓக்கெகெமின் 'மிஸ்ஸா புரொலாசியோனும்' உச்சகட்டச் சோதனை. எழுதப்பட்ட இரண்டு வரிகளிலிருந்து நான்கு குரல்கள் பிறக்கின்றன. ஒவ்வொரு குரலும் தனக்குரிய மென்சுரேஷன் குறிப்படி அதே வரியை வேறு கால அளவில் படிக்கிறது. முழுப்பாடலுக்கும் ஒரே தாளக்குறி என்ற மென்பொருளின் அடிப்படை இங்கே உடைகிறது. லிலிபாண்டில் தாளக்கணக்கை ஸ்கோரிலிருந்து எடுத்து ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் தனித்தனியே ஒப்படைக்கலாம். டோரிக்கோவிலும் ஸ்டாஃபுக்கு ஒரு தாளக்குறி இட முடியும்.

சான்ட் பாடல்களுக்குரிய தனி விதிகள்

சான்ட் இசையில் கால அளவே விவாதத்துக்குரியது. பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் 19ஆம் நூற்றாண்டில் பழஞ்சுவடிகளை ஒப்பிட்டு மெட்டுகளை மீட்டனர். 1889 முதல் சுவடிகளின் ஒளிப்படங்களையும் வெளியிட்டனர். அவர்கள் சேர்த்த நீட்டற்கோடுகளும் புள்ளிகளும் ஒரு கோட்பாட்டின் விளைவு. பழஞ்சுவடியின் பகுதி அல்ல. 1979இல் வந்த 'கிராதுவாலே திரிப்ளெக்ஸ்' என்ற நூல் சதுரக்குறிப்புக்கு மேலும் கீழும் இரு பழஞ்சுவடி மரபுகளின் நியூம்களைத் தந்து, ஒப்பிடும் வாய்ப்பை அளித்தது.

எனவே சான்டை ஐந்துகோட்டு ஸ்டாஃபில் எழுதுவோர் தாளக்குறியையும் காம்புகளையும் மறைத்து, காம்பற்ற கருஞ்சுரங்களாக எழுதுகின்றனர். ஒரே அசைக்குரிய சுரங்களை நெருக்கி வைத்தும், லிகச்சர்களை வளைகோட்டால் இணைத்தும் காட்டுவர். கிராட்செட், குவேவர் அளவுகளில் எழுதினால் மூலத்தில் இல்லாத தாளம் புகுந்துவிடும். நியூம்களின் உருவம் முக்கியம் என்றால் கிரிகோரியோவே தகுந்தது.

சரிபார்ப்பும் பாதுகாப்பும்

நான்கு குரல்களையும் சேர்த்தவுடன் முதற்சோதனை, எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றனவா என்பது. கடைசி லோங்கா அளவிட்டுப் பாடப்படுவதன்று. அதற்கு முந்தைய சுரம் வரையிலான கூட்டுத்தொகைதான் பொருந்த வேண்டும். ஒரு குரல் ஒரு செமிபிரெவிஸ் பிந்தினால், லிகச்சரிலோ புள்ளியிலோ மும்மை விதியிலோ தவறு இருக்கும். ஒலிக்கவிட்டுக் கேட்கும்போது, தயாரிப்பில்லாமல் திடீரென மோதும் சுரங்கள் தவறான இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மூலமே பிழையானதாகவும் இருக்கலாம். அங்கே திருத்தியதையும் மூலத்தில் இருந்ததையும் இறுதிக்குறிப்பில் எழுத வேண்டும்.

கோப்பின் ஆயுளும் எண்ணத்தக்கது. ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதன் வடிவில் மட்டும் கோப்புகளை வைத்திருந்தவர்கள் அவற்றை வேறு வடிவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. லிலிபாண்ட், கிரிகோரியோ, எம்.இ.ஐ. மூன்றும் வெறும் எழுத்துக்கோப்புகள். எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். பொதுவான பரிமாற்ற வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல், சுரத்தையும் சொல்லையும் நன்றாகக் கடத்தும். மென்சுரல் நுட்பங்களை முழுமையாகக் கடத்தாது. அச்சுக்கோப்பு, மூலக்கோப்பு, பரிமாற்றக்கோப்பு மூன்றையும் சேர்த்து வைப்பது நல்லது. 1998இல் தொடங்கிய கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரியில் இவ்வாறு பகிரப்பட்ட பதிப்புகள் ஏராளம். அவற்றின் தரம் சீரானதன்று. எந்த மூலத்திலிருந்து எழுதப்பட்டது என்று சொல்லாத பதிப்பைச் சரிபார்க்க வழியில்லை.

கற்கும் வரிசை

ஒர்லாந்தோ தி லாசோ 1577இல் மியூனிக்கில் வெளியிட்ட இருகுரல் பாடல்கள் தொடக்கத்துக்கு ஏற்றவை. அவற்றுள் பாதிக்குச் சொல் உண்டு, பாதிக்கு இல்லை. ஆகவே சுரத்தையும் சொல்லையும் தனித்தனியே பழகலாம். அடுத்து இருமைக் கணக்கிலான நான்குகுரல் மொத்தெத் என்னும் பல்குரல் வழிபாட்டுப் பாடல், பின்பு மும்மைக் கணக்கு, பின்பு லிகச்சர் மிகுந்த 15ஆம் நூற்றாண்டுச் சுவடி, கடைசியாக 14ஆம் நூற்றாண்டுக் கருங்குறி என்று பின்னோக்கிச் செல்வது பயன்தரும். மென்பொருளில் எதைத் தேர்வது என்பது இரண்டாம் கேள்வி. ஒத்திகைக்கான ஸ்கோருக்கு மியூஸ்ஸ்கோர் போதும். மூலத்தோடு நெருங்கிய பதிப்புக்கு லிலிபாண்டும் சான்டுக்குக் கிரிகோரியோவும் சிறந்தவை. எதில் எழுதினாலும், மூலத்தில் இருப்பது எது, பதிப்பாசிரியர் சேர்த்தது எது என்று பாடகர் ஒரே பார்வையில் பிரித்தறிய முடிந்தால் அது நல்ல பதிப்பு. முடியாவிட்டால் அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பிப் பாட முடியாது.